விதைப்புக்கு முன் உழவு
மகப்பேற்றுப் பண்டுவத்தில் உணவின் பங்கும் உடலின் பங்கும்

(சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



தமிழில் மலடி என்றொரு சொல் உண்டு. திருமணமாகி ஓராண்டு ஈராண்டு கடந்தும் மகப்பேறு வாய்க்காத பெண்ணை அச்சொல் தெருவிலும் திண்ணையிலும், மணவீட்டிலும் வளைகாப்பு வீட்டிலும் விடாது துரத்துகின்றது. அச்சொல்லுக்கு மலடன் என்னும் ஆண்பாலும் உண்டு. ஆனால் எந்த ஆடவனையும் அச்சொல்லால் எவரும் தெருவில் நிறுத்தி ஏசியதில்லை. ஒரு சொல் நாவில் வாழ்கின்றது. மற்றொன்று அகரமுதலியோடு நின்றுவிட்டது. நாவிலே உள்ள இந்த ஒருபாற் கோட்டம் அறிவியலில் இல்லை. குழந்தை வாய்க்காத இணையருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தில் ஆடவனின் உடற்குறையும் பங்கு கொள்கின்றது என்பது மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்த உண்மை.

இத்துன்பம் அரிதாக எங்கோ நிகழ்வதும் அன்று. வாழ்நாளில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் மகப்பேற்றுத் தடையைச் சந்திக்கின்றனர் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2023-ஆம் ஆண்டு அறிவித்தது. செல்வ நாடு, ஏழை நாடு என்ற வேறுபாடும் இதில் பெரிதாக இல்லை. ஆனால் செலவைத் தாங்கும் ஆற்றலில் வேறுபாடு மலையளவு உண்டு. நிலத்தை விற்றும் தாலிக்கொடியை அடகு வைத்தும் செயற்கைக் கருத்தரிப்புப் பண்டுவத்திற்குச் செல்வோர் பலர். முதல் முயற்சி தோற்றால் இரண்டாவதற்குக் கடன் வாங்குவோரும் பலர். அத்தகையோர் காதில் இருவகைக் குரல்கள் விழுகின்றன. 'எதை உண்டாலும் உண்ணாவிட்டாலும் ஊசியே எல்லாம் செய்யும்' என்கின்றது ஒரு குரல். 'இந்தப் பொடியை உண்டால் ஊசியே வேண்டா' என்கின்றது மற்றொரு குரல். இரண்டும் பொய். இவ்விரண்டு பொய்களுக்கும் இடையே உள்ள மெய் யாது என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

அந்த மெய்யை ஓரிரு வரிகளில் முதலிலேயே சொல்லிவிடலாம். உணவு குழந்தையைத் தருவதில்லை. குழந்தை வருகின்ற வழியில் கிடக்கும் சில தடைகளை அகற்றுகின்றது. உடலில் உள்ள குறையை நிரப்பினால் பயன் உண்டு. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் பயன் இல்லை.

கண்ணாடிக் கலத்தில் முதல் உணவு

1978 சூலை 25-ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் இலூயி பிரௌன் என்னும் பெண்குழந்தை பிறந்தது. உடலுக்கு வெளியே கருவுற்றுப் பிறந்த முதற் குழந்தை அதுவே. உடலியல் அறிஞர் இராபர்ட் எட்வர்ட்சு, மகப்பேற்று மருத்துவர் பாட்ரிக் சிடெப்டோ, கருவளர்ப்புப் பணியைத் தம் கையால் செய்த செவிலி பர்டி அம்மையார் ஆகிய மூவரின் பல்லாண்டு உழைப்பு அது. 2010-ஆம் ஆண்டு எட்வர்ட்சுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது மற்ற இருவரும் உயிரோடு இல்லை. அன்று தொடங்கி இன்றுவரை இவ்வழியில் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்படுவர்.

இலூயியின் தாய்க்கு இருந்த குறை என்ன? கருக்குழாய் அடைத்திருந்தது. எந்தக் கீரையும் எந்தக் கிழங்கும் அந்த அடைப்பைத் திறந்திருக்க மாட்டா. உணவின் எல்லையை முதற் குழந்தையின் கதையே காட்டிவிட்டது. அடைத்த குழாய், ஆடவனின் விந்துப்பாதை அடைப்பு, பிறவியிலேயே அமைந்த மரபுக்குறை ஆகியவற்றுக்கு உணவு மருந்தாகாது. இவ்வுண்மையை மறைப்பவர் எவராயினும் அவர் ஏமாற்றுக்காரரே.

எனினும் அதே கதையில் உணவின் பெருமையும் அடங்கியுள்ளது. கண்ணாடிக் கலத்தில் கருவுற்ற முட்டை வெறும் நீரில் வளர்வதில்லை. அதற்கென ஆக்கிய ஊட்டநீரில் வளர்கின்றது. முதல் இரண்டு மூன்று நாள்களில் அச்சிறு கரு சருக்கரையைப் பெரிதும் பயன்படுத்துவதில்லை. பைருவேட்டு என்னும் எளிய எரிபொருளையே கொள்கின்றது. சில நாள் கடந்த பின்னரே சருக்கரையை எரிக்கும் ஆற்றல் அதற்கு வலுக்கின்றது. எந்த நாளில் எந்த ஊட்டம், எந்த அளவில் என்பதைக் கண்டறிய அறிவியலார் பல பத்தாண்டுகள் உழைத்தனர். ஊட்டநீரின் இயைபு பிழைத்தால் கரு வளராது நின்றுவிடும். கண்ணுக்குப் புலப்படாத கருவுக்கே உணவின் அளவு இத்துணை இன்றியமையாதது என்றால், அக்கருவுக்கு முன்னைய நிலையாகிய முட்டைக்கும் விந்தணுவுக்கும் அது வேண்டாவா?

பெண்ணின் முட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவானவை. ஆயினும் அவற்றுள் ஒன்று முதிர்ந்து வெளிவருவதற்கு முன் நிகழும் கடைசி வளர்ச்சிக்கு ஏறத்தாழ மூன்று திங்கள் ஆகின்றது. அம்முட்டையைச் சூழ்ந்துள்ள நுண்பையின் நீர், பெரும்பகுதி தாயின் குருதியிலிருந்தே ஊறி வருவது. குருதியில் சருக்கரை மிகுந்தால் அந்நீரிலும் மிகும். குருதியில் ஊட்டம் குறைந்தால் அந்நீரிலும் குறையும். ஆடவனின் விந்தணு உருவாவதற்கு ஏறத்தாழ 74 நாள்களும், அது முதிர்ந்து நகரும் ஆற்றல் பெறுவதற்கு மேலும் சில நாள்களும் வேண்டும். எனவே பண்டுவ நாளுக்கு முந்தைய வாரத்தில் உண்ணும் விருந்தால் பயன் பெரிதாக இல்லை; அதற்கு முந்தைய மூன்று திங்களின் அன்றாட உணவே கணக்கில் வரும். விதைப்பு நாளன்று எவனும் உழவைத் தொடங்குவதில்லை அல்லவா?

பசி கற்பித்த பாடம்

உடலின் கருவளத்திற்கும் உணவுக்கும் உள்ள உறவை வரலாறு ஒருமுறை கொடுமையாகக் காட்டியது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், செருமானியப் படையின் பிடியில் இருந்த மேற்கு நெதர்லாந்துக்கு உணவு வரும் வழிகள் அடைபட்டன. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த உணவு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கியது. மக்கள் துலிப்புப் பூச்செடியின் கிழங்கை உண்டனர். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்டனர். பெண்கள் பலருக்கு மாதவிலக்கு நின்றது. பஞ்சம் உச்சத்தில் இருந்த திங்களிலிருந்து ஒன்பது திங்கள் கழித்துப் பிறந்த குழந்தைகளின் தொகை ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. 1945 மே திங்களில் உணவு வந்தது. அடுத்த ஆண்டே தொட்டில்கள் மீண்டும் நிறைந்தன. அவ்வூர்ப் பெண்கள் மலடிகள் அல்லர், பசித்தவர்கள். உடல் தன் கதவைத் தானே மூடிக்கொண்டது. உணவு வந்ததும் தானே திறந்தது.

இதன் உட்பொருளை அறிவியல் பின்னர் விளக்கியது. மாதவிலக்கு ஒழுங்காக நிகழ உடலில் ஓரளவு கொழுப்புச் சேமிப்பு வேண்டும் என்று 1974-ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் உரோசு பிரிசு என்னும் அம்மையார் தம் தோழருடன் சேர்ந்து எழுதினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1994-இல், நியூயார்க்கில் பிரீட்மன் என்பாரின் ஆய்வுக்குழு இலெப்டின் என்னும் இயக்குநீரைக் கண்டறிந்தது. கொழுப்பு உயிரணுக்கள் இதனைச் சுரக்கின்றன. மூளைக்கு 'களஞ்சியத்தில் சேமிப்பு உண்டு' என்று இது செய்தி சொல்கின்றது. அச்செய்தி கிட்டாதபோது மூளை, சூலகத்தைத் தூண்டும் இயக்குநீர்களைக் குறைத்துவிடுகின்றது. மெலிவதே அழகு என்று பட்டினி கிடக்கும் பெண்ணுக்கும், கடும் உடற்பயிற்சியால் உடலை வற்றச் செய்யும் விளையாட்டு வீராங்கனைக்கும் மாதவிலக்கு நிற்பதன் கரணியம் இதுவே. இத்தகையோர்க்கு முதல் மருந்து ஊசியன்று, சோறு.

மிகையும் ஒரு குறையே

பசியால் வரும் தடை ஒருபுறம் இருக்க, இன்று நகர்ப்புறங்களில் மிகுந்து காணப்படுவது அதற்கு மறுதலையான தடை. 1935-ஆம் ஆண்டு சிக்காகோ நகர மருத்துவர் சிடெயின், இலெவெந்தால் ஆகிய இருவர், மாதவிலக்கு ஒழுங்கின்மையும் சூலகத்தில் பல சிறு நீர்ப்பைகளும் உடைய பெண்கள் எழுவரைப் பற்றி எழுதினர். இன்று சூலக நீர்ப்பை நோய் என்று மக்கள் அறிவது அதுவே. மகப்பேற்று அகவையில் உள்ள பெண்களுள் பத்தில் ஒருவருக்கு இது இருக்கக்கூடும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீடு.

சூலகத்தில் தோன்றும் நோய் என்று பெயர் பெற்றாலும் இதன் வேர் பலரிடத்தில் கணையத்தோடு தொடர்புடையது. உடலின் தசைகள் இன்சுலின் என்னும் கணைய இயக்குநீருக்குச் செவிசாய்க்காமற் போகும்போது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கின்றது. அம்மிகை இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண்மை இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கச் செய்கின்றது. அதனால் முட்டை முதிராமல் நின்றுவிடுகின்றது. கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்திருப்பது, முகத்தில் மயிர் முளைப்பது, விலக்கு இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை வருவது ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டு பெண்ணை நகையாடுவோர், அவள் குருதியில் நிகழும் போராட்டத்தை அறியாதவர்.

தெற்காசிய மக்களுக்கு இவ்விடத்தில் தனியான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஐரோப்பியரை நோக்க, குறைந்த உடல் எடையிலேயே இவர்களுக்கு இன்சுலின் தளர்ச்சியும் நீரிழிவும் வந்துவிடுகின்றன. கையும் காலும் மெலிந்திருக்க வயிறு மட்டும் பருத்திருப்பது இதன் அடையாளம். இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளிவந்த பேராய்வு, இந்தியாவில் நீரிழிவு உடையோர் பத்துக் கோடிக்கும் மேற்படுவர் என்று காட்டியது. நீரிழிவைக் கட்டுக்குள் கொணராமல் சூல் கொள்வது பெரும் இடர். கருவின் நெஞ்சப்பையும் முதுகுத்தண்டும் உருவாகும் முதற் கிழமைகளில் தாயின் குருதிச் சருக்கரை மிகுந்திருந்தால் பிறவிக்குறை நேரும் வாய்ப்புக் கூடுகின்றது. எனவேதான் மூன்று திங்கள் சருக்கரை அளவு 6.5 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பின்னர் சூல் கொள்க என்று மருத்துவர் கூறுகின்றனர்.

இதற்கு உணவு செய்யக்கூடியது என்ன? எடை மிகுந்த பெண், தன் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிவருதல் மீண்டும் தொடங்குகின்றது. எண்பது கிலோ எடையுள்ளவர் நாற்பது கிலோவாக வேண்டுவதில்லை. எழுபத்தைந்தாக வந்தாலே பயன் தொடங்கிவிடும். இன்ன உணவுமுறைதான் இதற்குச் சிறந்தது என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. தட்டில் சோற்றின் குன்று தாழ்ந்து, பயறும் காயும் கீரையும் மீனும் முட்டையும் உயர்ந்தால் போதும். வெள்ளையரிசியை விட்டுக் கேழ்வரகுக்கு மாறியதால் மட்டும் நோய் நீங்கிவிடும் என்று கருதுவதும் பிழை. கேழ்வரகாயினும் கம்பாயினும் அளவு மிஞ்சினால் அதுவும் மாவே. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருந்துப் பெயர் ஒன்றையும் சொல்லாது, பெரும்பகுதி உணவின் அளவையே பேசுவதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

எனினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. எடை குறைத்த பின்னரே பண்டுவம் என்று எல்லாரையும் காத்திருக்க வைப்பது அறமாகுமா? நெதர்லாந்தில் உடல் பருத்த பெண்கள் 577 பேரிடம் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை தருகின்றது. ஒரு சாரார் ஆறு திங்கள் உணவுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் பெற்றுப் பின்னர்ப் பண்டுவத்துக்கு வந்தனர். மறுசாரார் உடனே பண்டுவம் பெற்றனர். இயல்பான மகப்பேற்றில் நலமுள்ள ஒற்றைக் குழந்தையை நிறை திங்களில் பெற்றோர் முதற் சாராருள் 27 விழுக்காடு. மறுசாராருள் 35 விழுக்காடு. ஆனால் பண்டுவமே இன்றித் தாமாகச் சூல் கொண்டோர் முதற் சாராரிடத்திலேயே மிகுதி. இதிலிருந்து பெறப்படுவது யாது? எடைக்குறைப்பு இயற்கைக் கருத்தரிப்புக்குத் துணை செய்கின்றது, பண்டுவத்துக்கு மாற்றாகாது. அகவை முப்பத்தைந்தைக் கடந்த பெண்ணை எடையின் பெயரால் ஓராண்டு நிறுத்தி வைத்தால், எடையால் பெறும் பயனை அகவையால் இழக்க நேரும். முப்பத்தைந்துக்குப் பின் முட்டையின் தரம் குறையத் தொடங்குகின்றது. நாற்பதுக்குப் பின் விரைந்து சரிகின்றது. காலத்தைத் திருப்பித் தரும் உணவு உலகில் இல்லை.

கீரையில் இருந்த மருந்து

1928-ஆம் ஆண்டு இலூசி வில்சு என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள், சூல் கொண்ட காலத்தில் கடுமையான குருதிக்குறைவால் மாண்டுகொண்டிருந்தனர். அவர்களின் வீட்டுக்கும் சமையலறைக்கும் சென்று, எதை உண்கின்றனர் எதை உண்ணவில்லை என்று அவர் ஆய்ந்தார். மலிவான நொதிச்சாற்றை உண்ணக் கொடுத்தபோது அப்பெண்கள் தேறினர். அச்சாற்றில் இருந்து நலம் செய்த பொருள் யாதென அப்போது எவர்க்கும் தெரியவில்லை. 1941-இல் அமெரிக்க அறிவியலார் பசலையினக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் பெயரிட்டனர். போலிக் காடி என்று மருத்துவர் கூறுவது அதுவே. இலைக்காடி என்பது அதற்குத் தகுந்த தமிழ்ப்பெயர்.

இலைக்காடியின் முழுப் பெருமை 1991-இல் வெளிப்பட்டது. முதுகுத்தண்டுக் குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மாரிடம் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு, சூல் கொள்வதற்கு முன்பிருந்தே இலைக்காடி உண்டால் அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறையும் என்று நிறுவியது. 'சூல் கொள்வதற்கு முன்பிருந்தே' என்னும் சொற்களைக் கருதிப் பார்க்க வேண்டும். கருவின் தண்டுக்குழல் கருவுற்ற 28 நாள்களுக்குள் மூடிவிடுகின்றது. விலக்குத் தள்ளிப்போயிற்று என்று பெண் உணர்ந்து, மருத்துவரைக் காண்பதற்குள் அப்பணி பெரும்பாலும் முடிந்துவிடும். எனவே மகப்பேறு விரும்பும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு திங்களேனும் முன்னதாக நாள்தோறும் 400 மைக்கிரோகிராம் இலைக்காடி கொள்ள வேண்டும். முன்பே குறையுள்ள குழந்தையைப் பெற்றவர்க்கும் சில நோயுடையவர்க்கும் அளவு மிகும். அதனை மருத்துவரே கூற வேண்டும். கீரை நன்று, ஆயினும் நெடுநேரம் கொதித்தால் இலைக்காடி அழிந்துவிடும். கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். மாத்திரையின் விலையோ மிகக் குறைவு. பண்டுவத்திற்கு இலக்கக்கணக்கில் செலவிடும் குடும்பத்தில் இச்சிறு மாத்திரையை எவரும் எடுத்துச் சொல்லாமை எத்துணைக் கொடுமை!

அடுத்தது இரும்பு. 2019 முதல் 2021 வரை நடந்த இந்திய அரசின் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மகப்பேற்று அகவைப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் குருதிக்குறைவு உடையோர். தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 53 விழுக்காடு. இரண்டு பெண்களுள் ஒருவர் வெளிறிய குருதியோடு தாய்மைக்குள் அடியெடுத்து வைக்கின்றார் என்பது இதன் பொருள். கணவனுக்கும் மக்களுக்கும் மீனும் முட்டையும் படைத்துவிட்டு, சட்டியின் அடிக்குழம்போடு தான் உண்டு எழும் வழக்கம் இவ்வெண்ணுக்கு ஒரு கரணியம். உணவோடு தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையும் நெல்லியும் சேர்ந்தால் கூடும். இவ்வளவு எளிய செய்தியும் பல வீடுகளை இன்னும் எட்டவில்லை.

மூன்றாவது, பி பன்னிரண்டு என்னும் உயிர்ச்சத்து. இது செடிகொடிகளில் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றிலேயே உண்டு. மரக்கறி மட்டும் உண்போர் இதனை ஆய்ந்து அறிய வேண்டும். இலைக்காடியை மட்டும் மிகுதியாக உண்டால், இதன் குறை வெளித்தோன்றாமல் மறைந்து நரம்பைக் கெடுக்கும். நான்காவது, தைராய்டு எனப்படும் கழுத்துச் சுரப்பி. அது தளர்ந்தால் பால்சுரப்புக்குரிய இயக்குநீர் மிகுந்து முட்டை வெளிவருவது தடைப்படலாம், கருச்சிதைவும் நேரலாம். ஒரு குருதி ஆய்வும் ஒரு சிறு மாத்திரையும் அத்தடையை நீக்கிவிடும். பெரும்பணம் கட்டுவதற்கு முன் இச்சிறு ஆய்வுகள் முடிந்தனவா என்று கேட்பது இணையரின் உரிமை.

ஆடவர் பங்கு

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, எல்லாம் பெண்ணின் உணவைப் பற்றியதே என்று எந்த ஆடவரும் சாய்ந்து அமர்ந்துவிட வேண்டா. பெண்ணை நிலம் என்றும் ஆணை விதை என்றும் உவமிப்பது பழைய வழக்கு. விதை சொத்தையானால் நிலத்தை ஏசுவது உழவறியாதவன் செயல்.

விந்தணு உருவாகும் இடம் உடற்சூட்டைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ந்திருக்க வேண்டும் என்றே இயற்கை அதனை உடலுக்கு வெளியே அமைத்தது. உலைக்களத்திலும் கொதிகலன் அருகிலும் நாள்முழுதும் உழைப்போர்க்கு இது கருத்திற்கொள்ளத் தக்கது. உடற்பருமன் ஆண்மை இயக்குநீரைக் குறைக்கின்றது. புகைப்பழக்கம் விந்தணுவின் தொகையையும் தரத்தையும் கெடுக்கின்றது. புகைபிடிக்கும் பெண்ணுக்கோ பண்டுவ முயற்சிகள் ஏறத்தாழ இருமடங்கு தேவைப்படுகின்றன. தசைதிரட்ட வேண்டி உடற்பயிற்சிக் கூடங்களில் ஊசியாகவும் மாத்திரையாகவும் ஆண்மை இயக்குநீரை ஏற்றிக்கொள்ளும் இளைஞர் தனியே எச்சரிக்கத் தக்கவர். வெளியிலிருந்து அது வந்தால் மூளை தன் தூண்டலை நிறுத்திவிடும். விந்தணு உருவாவது அருகி, முற்றும் நின்றுவிடவுங் கூடும். ஆண்மையைத் தேடிச் சென்று தந்தைமையை இழக்கும் பேதைமை இது.

ஆடவர்க்கென விற்கும் ஊட்ட மாத்திரைகள் இதனை ஈடு செய்யுமா? அமெரிக்காவில் 2370 இணையரிடம் நடந்து 2020-இல் வெளியான பேராய்வு இதற்குத் தெளிவான விடை கூறியது. ஒரு சாராருக்குத் துத்தநாகமும் இலைக்காடியும் ஆறு திங்கள் கொடுத்தனர்; மறுசாராருக்கு வெற்று மாத்திரை கொடுத்தனர். குழந்தை பெற்றோர் முன்னவருள் 34 விழுக்காடு, பின்னவருள் 35 விழுக்காடு. ஆக, மாத்திரையால் பயனில்லை. வயிற்றுக்கோளாறு மட்டும் சிலருக்கு மிகுந்தது. பெண்ணுக்குக் கருவின் தண்டைக் காக்கும் அதே இலைக்காடி, குறையில்லாத ஆடவனுக்கு மகப்பேற்றைக் கூட்டவில்லை. எவர்க்கு எது குறைவு என்று அறியாமல் விழுங்குவது மருத்துவமாகாது.

விளம்பர வலை

இவ்விடத்தில்தான் வணிகம் நுழைகின்றது. ஏங்கி நிற்கும் நெஞ்சைப் போல எளிதில் விலைபோவது வேறொன்றில்லை. கருவளப் பொடி, கருமுட்டை வலுவூட்டி, குலம் தழைக்கும் குளிகை என்று கவர்ச்சிப் பெயரிட்டு விற்கும் பொருள்களுள் பலவற்றுக்குப் பின்னே ஆய்வு ஒன்றும் இல்லை. சில தீங்கும் செய்யும். உயிர்ச்சத்து ஏ மிகுந்தால் கருவில் பிறவிக்குறை நேரும் என்பது உறுதியான செய்தி. 'ஊட்டந்தானே, மிகுந்தால் என்ன' என்பார்க்கு இஃதொன்றே விடையாகும்.

அதற்கு மறுபுறம், விளம்பரம் இல்லாத நல்லுணவைப் பற்றிய செய்திகளும் உண்டு. அமெரிக்கச் செவிலியர் 17,544 பேரை எட்டாண்டுகள் தொடர்ந்து நோக்கி, ஆர்வர்டு பல்கலைக்கழக அறிஞர் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பயறு போன்ற செடிவழிப் புரதமும், தீட்டாத கூலங்களும் மிகுந்து, வனசுபதி வகைத் திரிந்த கொழுப்புக் குறைந்த உணவை உண்டோர்க்கு முட்டை வெளிவராமையால் நேரும் தடை குறைவாக இருந்தது. இது நோக்கி அறிந்த செய்தியே அன்றிச் செய்து நிறுவிய முடிவன்று. ஆயினும் இவ்வுணவால் தீங்கு ஏதும் இல்லை, செலவும் மிகுதியில்லை. இந்தியாவிலும் 2022 முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் திரிந்த கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி நடப்பில் உள்ளது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பண்டத்தைத் தவிர்ப்பதோ அவரவர் கையில் உள்ளது.

தமிழில் கேட்கும் உரிமை

பெருமக்களே! இத்துணைச் செய்திகளும் எவர்க்குப் பயன்பட வேண்டுமோ, அவர்க்குப் புரியும் மொழியில் அவை சென்று சேர்வதில்லை. ஆய்வுத்தாள் ஆங்கிலத்தில், ஒப்புதல் தாள் ஆங்கிலத்தில், தன் கருப்பையைப் பற்றிய முடிவே தனக்குப் புரியாமல் ஒரு பெண் கையொப்பம் இடுகின்றாள். 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், இப்பண்டுவம் செய்யும் ஒவ்வொரு நிலையமும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கின்றது; இணையர்க்கு நன்மை தீமைகளை எடுத்துரைத்து, எழுத்துவழி ஒப்புதல் பெற வேண்டும் என்றும் கூறுகின்றது. புரியாத மொழியில் பெற்ற ஒப்புதல் எவ்வாறு ஒப்புதலாகும்?

ஆகவே, பண்டுவத்துக்குச் செல்லும் இணையர் இருவரும் ஒன்றாகச் செல்க. ஆடவன் ஆய்வும் முதல் நாளிலேயே நிகழ்க. குருதியின் நிறைவு, மூன்று திங்கள் சருக்கரை அளவு, கழுத்துச் சுரப்பியின் நிலை, பி பன்னிரண்டின் அளவு ஆகியவை ஆய்ந்தாயிற்றா என்று தமிழில் கேட்க. தமிழில் விடை பெறுக. குறை இருப்பின் நிரப்புக. இல்லையேல் பொடிக்கும் குளிகைக்கும் பணம் இறைக்காதிருக்க. இலைக்காடியை முன்னதாகத் தொடங்குக. புகையும் குடியும் அன்றே ஒழிக. அகவை மிகுந்தோர் உணவைச் சீர்செய்துகொண்டே பண்டுவத்தையும் தொடங்குக. காத்திருந்து காலத்தை இழக்காதிருக்க.

இவை அனைத்தும் செய்த பின்னரும் சிலர்க்குக் குழந்தை வாய்க்காமற் போகலாம். அது அவர்தம் உணவின் பிழையன்று. ஒழுக்கத்தின் பிழையும் அன்று. உணவைப் பற்றிய இவ்வறிவு, 'நீ ஒழுங்காக உண்ணவில்லை, அதனால்தான்' என்று அப்பெண்ணைக் குத்தும் புதிய முள்ளாக ஆகிவிடக் கூடாது. பழைய பழிக்குச் சொல் ஒன்று இருந்தது போதும். புதிய பழிக்கு ஒன்று வேண்டா.

தமிழ் இல்லங்களில் அடுக்களையில் உண்ணும் கடைசித் தட்டும் முதல் தட்டுக்கு நிகராக நிறையட்டும். மருத்துவமனை வாயிலில் பெண்ணோடு ஆணும் வரிசையில் நிற்கட்டும். அந்நாளில் மலடி என்னும் சொல்லும், மலடன் என்னும் சொல் என்றோ சென்றடைந்த அகரமுதலியின் மூலைக்குள் சென்று ஒடுங்கிவிடும். அவ்வொடுக்கம் தமிழுக்கு இழப்பன்று, பேறு.